பதினான்காம் பாடம்

கமலவேணி தன் பாடக்கட்டில் எந்தப் பெயரையும் யோசிக்காமல் போட்டவள் அல்லள். பதினான்காம் பாடத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டபோது முதலில் முனியாண்டி என்று எழுதி, உடனே அடித்தாள். மலாக்காவில் முனியாண்டி இல்லாத தோட்டம் ஏது? தங்கையா என்று எழுதி அதையும் அடித்தாள். அந்தப் பெயரில் அவளுக்குத் தெரிந்தவர்களே மூவர் இருந்தார்கள். கடைசியில் இருளாண்டி என்று வைத்தாள். வழக்கொழிந்து வரும் பெயர்; யாரையும் சுட்டாது. அந்த முன்யோசனையைக் குறித்து அன்றைக்கு அவளுக்குச் சிறிது நிறைவுகூட உண்டாயிற்று.

அது 1952ஆம் ஆண்டு. காட்டுக்குள் புகுந்து போராடிய கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அறிவிக்கப்பட்ட அவசரகாலம் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்வேலி வந்துவிட்டது. அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. மாலை ஆறு மணிக்கு மேல் வேலிக்கு வெளியே தலைகாட்டக் கூடாது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் நகரத்துப் பெரியவர்கள் சிலர் சேர்ந்து, எழுதப் படிக்கத் தெரியாத ரப்பர்ப் பால்மரத் தொழிலாளர்களுக்காகப் பதினொரு தோட்டங்களில் மாலை வகுப்புகளைத் தொடங்கி, அவற்றுக்குத் ‘தொழிலாளர் மாலைக் கல்லூரி’ என்று பெயர் சூட்டினார்கள். கல்லூரி என்பது பெயரளவில்தான். இருந்தவை தோட்டப் பள்ளிக்கூடத்தின் இரண்டு பெஞ்சுகளும் ஒரு கரும்பலகையும். போதிக்க அமர்த்தப்பட்ட பதினொருவரும் ஏழாம் வகுப்பு முடித்த இளைஞர்கள். சுண்ணக்கட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதே அவர்களுள் பாதிப் பேருக்குச் சந்தேகம்.

நகரத்துப் பெண்கள் பள்ளியில் பதினான்கு ஆண்டுகளாகக் கட்டுரை கற்பித்துவந்த கமலவேணியிடம் அவர்களை ஒப்படைத்தார்கள். சனிக்கிழமைதோறும் அவள் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தாள். அனுபவமில்லாதவர்களின் சொந்தப் புத்தியை நம்பி எதையும் விட்டுவைக்கலாகாது என்பது அவளுடைய கொள்கை. ஆகவே இருபத்து நான்கு பாடங்களைத் தானே ஆயத்தம் செய்து, எழுத்தாணியால் ஸ்டென்சில் வெட்டி, உருளையில் மை தடவிப் பிரதியெடுத்து, ஆளுக்கொரு கட்டாகக் கொடுத்தாள். எந்த நிமிடத்தில் எதைச் சொல்வது, பலகையின் எந்த மூலையில் தேதி எழுதுவது, எந்தப் பிழைக்குச் சிவப்புப் பென்சிலால் என்ன குறி இடுவது என்பன எல்லாம் அதில் இருந்தன. முதல் பக்கத்தில் கட்டம் கட்டிய ஒரு வரியும் இருந்தது: ‘மாதிரியில் ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது.’

பதினான்காம் பாடத்தின் தலைப்பு ‘கண்டதைக் கண்டவாறு எழுதுதல்’. அதன் மாதிரி இரண்டு பத்திகள் கொண்டது. முதற்பத்தி ஒரே வாக்கியம்:

‘நேற்று மாலை ஐந்தேமுக்கால் மணிக்கு, எங்கள் லயத்தைச் சேர்ந்த இருளாண்டி என்பவர், கனமான ஒரு சாக்குப் பையைத் தோளில் சுமந்துகொண்டு, பால் ஸ்டோருக்குப் பின்னாலுள்ள பாதை வழியே காட்டுப் பக்கமாகச் செல்வதை என் கண்ணால் கண்டேன்.’

இரண்டாம் பத்தி, சாக்கில் இருந்தது ஆட்டெரு என்றும், அவர் அதைத் தம் மரவள்ளிக் கொல்லைக்குக் கொண்டுசென்றார் என்றும், அது பின்னர் விசாரித்துத் தெரிந்தது என்றும் கூறியது. கண்டது வேறு, கேட்டறிந்தது வேறு. இரண்டையும் ஒரே பத்தியில் கலக்கக் கூடாது. இதுதான் பாடம். ஆசிரியருக்கான குறிப்பில், ‘நேரமோ இடமோ குறைந்தால் முதற்பத்தியை மட்டும் எழுதச் செய்யலாம்; அது தனித்து நிற்கும்’ என்று சேர்த்திருந்தாள். அந்த வாக்கியத்தை அவள் எட்டு முறை செப்பனிட்டாள். அவள் பார்க்கத் தவறியது ஒன்றே ஒன்று: அதை ஒரு போலீஸ்காரர் வாசித்தால் எப்படியிருக்கும் என்பது.

ஜூன் மாதத்து ஒரு சனிக்கிழமை. பதினெட்டாங்கட்டைத் தோட்டத்து நல்லமுத்து முக்கால் மணி நேரம் பிந்தி வந்தான். மாதக் கடைசியில் மாணவர்களின் நோட்டுகளைக் கொண்டுவந்து காட்டவேண்டும் என்பது விதி. நோட்டுக் கட்டு அவன் கையில் இருந்தது. ஆனால் சட்டைப் பொத்தான்கள் மாறிப் பூட்டியிருந்தன. அவள் முதலில் கவனித்தது அதைத்தான்.

“நேரம் என்ன, நல்லமுத்து?”

“டீச்சர், நெட்டையண்ணனப் புடிச்சிட்டுப் போய்ட்டாங்க.”

“யார் அந்த நெட்டையண்ணன்?”

“இருளாண்டி, டீச்சர்.” அவன் நோட்டுக் கட்டை மேசைமேல் வைத்தான். “பதினாலாம் பாடத்து இருளாண்டி.”

வகுப்பில் இருந்த மற்றப் பத்துப் பேரும் எழுதுவதை நிறுத்தினார்கள். அவர்களுள் ஒருவன் சிரிக்கத் தொடங்கி, நல்லமுத்துவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

நடந்ததை அவன் முன்னுக்குப் பின்னாகத்தான் சொன்னான். அவள் கேள்வி கேட்டு வரிசைப்படுத்திக்கொண்டாள். புதன்கிழமை காலையில் மூன்று லாரிகளில் பட்டாளமும் போலீஸும் வந்து தோட்டத்தை வளைத்துக்கொண்டார்கள். யாரும் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. வீட்டுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். காட்டில் இருப்பவர்களுக்கு உதவுகிறவர் யாரென்று தெரிந்தால் எழுது, உன் பெயரை எழுதாதே, மடித்துப் பூட்டுப் போட்ட பெட்டியில் போடு என்று அதில் தமிழிலேயே அச்சடித்திருந்தது. எழுதுவதற்கு நான்கு கோடுகள். இரண்டு மணி நேரம் தவணை.

“தெரிஞ்சாத்தானே எழுதறதுக்கு? ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது. வெறுந்தாளப் போட்டா அந்த வீட்டு அரிசிய நிறுத்திருவாங்கன்னு வேலைய மேற்பார்க்கற மண்டோர் ஒரு புரளியக் கெளப்பி விட்டுட்டாரு. நம்ம வகுப்புக்கு வர்ற பொம்பளைங்க எல்லாம் வேலி ஓரமா நின்னு, ‘வாத்தியாரே, என்னத்த எழுத, என்னத்த எழுத’ன்னு கேட்டாங்க. பாத்தேன். பதினாலாம் பாடத்த எழுதிடுங்கன்னுட்டேன்.”

“ஏன் அதை?”

“அது ஒண்ணத்தான் அவங்க பாக்காம எழுதுவாங்க, டீச்சர். எடமும் நாலு வரிதான். மொதப் பத்தி போதும், தனியா நிக்கும்னு நீங்கதான்…”

“பெயரையாவது மாற்றச் சொல்லியிருக்கலாமே?”

“மாத்தக் கூடாதுன்னு கட்டம் கட்டிப் போட்டிருக்கே, டீச்சர்.”

கமலவேணி பாடக்கட்டில் பதினான்காம் பாடத்தைப் பிரித்தாள். “அந்தப் பெயரில் உங்கள் லயத்தில் ஒருவர் இருப்பது உங்களில் ஒருவருக்குமா தெரியாது?”

“சாமி சத்தியமாத் தெரியாது. அவரு கப்பல்ல வந்து எறங்குன நாள்லேருந்து எல்லாருக்கும் நெட்டையண்ணன்தான். நேத்துக் காலையில வேலைக்குப் பேர் குடுக்கற பெரட்டுல ஆளுங்க வரிசையா நிக்கறப்ப, சார்ஜன் பேர் லிஸ்ட்ட வச்சுக்கிட்டு இருளாண்டின்னு கூப்பிட்டாரு. ஒருத்தரும் அசையல. அப்படி யாரும் இங்க இல்லீங்கன்னு மண்டோரே சொன்னாரு. எல்லாரும் அடையாளக் கார்ட, ஐ.சி.ய எடுங்கன்னாங்க. நெட்டையண்ணன் அப்பத்தான், ‘நாந்தாங்க’ன்னு ஒரு அடி முன்னால வந்தாரு. எழுதுன பொம்பளைங்க அத்தன பேரும் அங்கதான் நின்னாங்க, டீச்சர். ஒருத்திக்கும் மூச்சு வரல.”

கமலவேணி வகுப்பைக் கலைக்கவில்லை, கலைக்க மறந்துபோனாள். பாடக்கட்டையும் நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு, நல்லமுத்துவோடு பெச்சா என்னும் மூன்றுசக்கர வண்டியில் ஏறிப் போலீஸ் நிலையத்துக்குப் போனாள். வழியெல்லாம் முதற்பத்தியை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். காலம், ஆள், சுமை, வழி, திசை. ஒன்று குறையவில்லை.

நிலையத்து வராந்தா பெஞ்சில் ஒரு பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு தூக்குச்சட்டி.

“பெரியநாயகியக்கா,” என்றான் நல்லமுத்து தாழ்ந்த குரலில். “நெட்டையண்ணன் சம்சாரம். நம்ம வகுப்புதான்.”

இன்ஸ்பெக்டர் தம்புசாமி மரியாதை தெரிந்தவர். எழுந்து நாற்காலி காட்டினார். அவள் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு இழுப்பறையைத் திறந்து பத்தொன்பது தாள்களை எடுத்து, சீட்டு விரிப்பதுபோல் மேசைமேல் விரித்தார்.

கமலவேணி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பத்தொன்பது கைகள். வெட்டுக்கத்தி பிடித்துக் காய்ப்பேறிய கைகள். சில எழுத்துகள் கோட்டைத் தாண்டி ஏறின, சில சரிந்தன. ஆயினும் அத்தனையிலும் ‘ழ’கரத்தின் வால் அவள் வளைக்கிறபடியே வளைந்தது. தன் கையெழுத்தைப் பத்தொன்பது பேர் தனக்கு எதிரே பிடித்துக் காட்டுவதுபோல் இருந்தது. ஒரு காற்புள்ளிகூடத் தவறவில்லை. வேறொரு நாளாக இருந்தால் அவள் மகிழ்ந்திருப்பாள்.

“இது நடந்த சம்பவம் இல்லை, இன்ஸ்பெக்டர். இது நான் எழுதிய பாடம்.”

“பாடமா?” தம்புசாமி பாடக்கட்டைப் புரட்டினார். “டீச்சர், எங்கிட்ட பத்து கான்ஸ்டபிளுங்க இருக்கானுங்க. ஒருத்தனுக்கும் இப்படி ரிப்போர்ட் எழுத வராது. எப்படி எழுதணும்னு நீங்க சொல்லிக் கொடுத்தீங்க. பாத்தத அவங்க அப்படியே எழுதிட்டாங்க. இதுல என்ன கொற?”

“பத்தொன்பது பேரும் ஒரே நிமிடத்திலா பார்த்தார்கள்?”

“லயத்து வாசல்ல உக்காந்திருந்தா நாப்பது பேருகூடப் பாக்கலாம்லா.”

“இந்தப் பிரதியை நான் ஜனவரியில் எடுத்தேன். தேதி அடியில் இருக்கிறது. இந்தப் பெயரும் இருக்கிறது.”

அவர் தேதியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மரியாதை சற்று விலகியிருந்தது.

“ஜனவரியிலயே இந்த ஆளு பேரு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிது? தெரிஞ்சவங்க ஏன் எங்ககிட்ட வந்து சொல்லல?”

எடுத்து நீட்டும் ஒவ்வொரு சான்றும் கைமாறும்போதே முனை திரும்பி வந்தது. நோட்டுகளைப் பிரித்தாள். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் என்று தேதியிட்ட பக்கங்களில் அதே வாக்கியம், எல்லாவற்றிலும் ‘நேற்று’. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அவர்முன் வைத்தாள்.

“அப்படின்னா வாராவாரம் போயிருக்கான்,” என்றார் தம்புசாமி. வேடிக்கைக்குச் சொன்னாரா, மெய்யாகவே சொன்னாரா என்று அவளுக்கு விளங்கவில்லை. “டீச்சர், திங்கக்கெழம இந்த ஃபைல் கோலாலம்பூருக்குப் போவுது. போச்சுன்னா ரெண்டு வருசம் உள்ள, இல்லாட்டி நாடு கடத்தி நாகப்பட்டணம் கப்பல். அதுக்கு முன்னால எனக்கு ஒண்ணு வேணும். இது கதைன்னு காட்டற மாதிரி, நீங்க எழுதாத ஒண்ணு.”

அவள் மீண்டும் தாள்களைப் பார்த்தாள். வழக்கமாகப் பார்ப்பதுபோல், பிழை தேடிப் பார்த்தாள். பதினோராம் தாளில் கண் நின்றது. ‘எங்கள் லயத்தைச் சேர்ந்த’ என்பதற்கும் ‘என்பவர்’ என்பதற்கும் நடுவே ஒரு பெயர் அளவுக்கு வெற்றிடம் விடப்பட்டிருந்தது.

நோட்டுகளை அவசரமாகப் புரட்டினாள். ஒன்றில் அதே கை, அதே வெற்றிடம். பிப்ரவரியில் ஒன்று. மார்ச்சில் இரண்டு. ஏப்ரலில் இரண்டு. ஐந்து வெற்றிடங்களையும் நல்லமுத்து, விதிப்படி, சிவப்புப் பென்சிலால் சுழித்து அரை மதிப்பெண் குறைத்திருந்தான். நோட்டின் அட்டையில் பெயர் இருந்தது.

“வெளியே பெஞ்சில் இருக்கும் அம்மாவைக் கூப்பிடுங்கள்,” என்றாள்.

பெரியநாயகி வந்து சுவரோரம் நின்றாள். தம்புசாமி தாளைக் காட்டினார்.

“இது ஒன் தாளாம்மா?”

“ஆமாங்க.”

“இங்க ஏன் எடம் விட்ட?”

அவள் தரையைப் பார்த்தாள்.

“ஒன்னத்தான் கேக்கறேன். இங்க என்ன பேரு வரணும்?”

“அது வந்துங்க… பாடத்துல உள்ள பேருங்க.”

“அதான் என்ன பேரு? சொல்லு.”

“நான் சொல்லக் கூடாதுங்க.”

“யாரு சொல்லக் கூடாதுன்னாங்க? காட்டுலேருந்து யாராச்சும் மெரட்டுனாங்களா?”

பெரியநாயகி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். “அய்யய்யோ, இல்லீங்க! எங்க வீட்டுக்காரரு கார்டுல இருக்குங்க அந்தப் பேரு. நீங்கதான் வாங்கி வச்சிருக்கீங்க. பாத்துக்குங்க.”

தம்புசாமி தாளை மெல்லக் கீழே வைத்தார்.

“பாடத்துல இருந்தவரு வேற யாரோன்னுதாங்க நெனச்சேன்,” என்றாள் பெரியநாயகி. “டீச்சரம்மா டவுன்ல இருக்காங்க, இவரு அவங்களுக்குத் தெரிஞ்சவரா என்ன? ஆனா எழுத்து அதே எழுத்துதானேங்க. தாலி கட்டுனவரு பேர வாயாலயும் சொன்னதில்ல, கையால மட்டும் எழுதுவனா? வாத்தியார் தம்பி தடவைக்குத் தடவ செவப்பு சுழிச்சிச்சு. சுழிச்சா சுழிச்சிட்டுப் போவட்டும்னு இருந்துட்டேன்.” நோட்டில் இருந்த சிவப்புச் சுழியைப் பார்த்தாள். “அன்னைக்கே சொல்லியிருந்தா… நம்ம பொம்பளைங்க ஒருத்தியும் எழுதியிருக்க மாட்டாளுங்களே, தொரை.”

நல்லமுத்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

தம்புசாமி ஐந்து சிவப்புச் சுழிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். “பொண்டாட்டியே புருசனக் காட்டிக் கொடுத்து நாலு மாசமா நோட்டுல எழுதிப் பழகியிருக்க மாட்டா,” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். பிறகு கமலவேணியிடம், “எங்க வீட்டுலயும் பதினாறு வருசமா ‘இந்தாங்க’தான், டீச்சர்,” என்றார்.

ஒரு தாளில் ஏதோ எழுதிக் கையொப்பமிட்டுக் கான்ஸ்டபிளிடம் கொடுத்தார். “போம்மா, வெளியில இரு. சாயங்கால பஸ்ஸுக்குள்ள ஒன் ஆளு வந்துருவாரு.”

பெரியநாயகி கும்பிட்டாள். கும்பிட்ட கை இன்ஸ்பெக்டரை நோக்கியா, தன்னை நோக்கியா என்று கமலவேணிக்குத் தெரியவில்லை. தன்னை நோக்கி இருந்துவிடக் கூடாது என்று மட்டும் தோன்றியது. எழுந்தாள்.

“கொஞ்சம் இருங்க,” என்றார் தம்புசாமி. “இந்தக் கட்டு எத்தன தோட்டத்துக்குக் கொடுத்திருக்கீங்க?”

“பதினொன்று.”

“வியாழக்கெழம ஒன்பதாங்கட்டைத் தோட்டத்துலயும் பெட்டி வச்சோம். இன்னும் பிரிக்கல.” சுவரோரம் இருந்த தகரப் பெட்டியை அவர் மேசைமேல் தூக்கி வைத்துப் பூட்டைத் திறந்தார். “இதுல எது ஒங்களுது, எது அவங்களுதுன்னு நீங்கதான் பிரிச்சுத் தரணும்.”

அவள் ஒவ்வொரு தாளாகப் பிரித்தாள். சில வெறுமையாக இருந்தன. சிலவற்றில் ‘தெரியாது’ என்று இருந்தது. ஒரு தாளில் அவளுடைய ‘ழ’ தென்பட்டது, நேற்று மாலை ஐந்தேமுக்கால் மணி, இருளாண்டி. அதை ஒதுக்கி வைத்தாள். இன்னொன்று, அதையும் வைத்தாள். அந்தத் தோட்டத்துப் பேரேட்டில் இருளாண்டி யாரும் இல்லை என்று தம்புசாமி பார்த்துச் சொன்னார். அவள் அடுத்தடுத்த தாள்களை எடுத்தாள்.

ஏழாவது தாளைப் பிரித்தவள் அப்படியே இருந்துவிட்டாள். அதே மணி. அதே சாக்குப் பை. அதே பாதை. பெயர் மட்டும் வேறு. காளிதாஸ்.

எழுதிய கை தடுமாறவில்லை. எழுத்துகள் நேராக நின்றன. மாதிரியில் ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது என்று அறிந்த ஒருவர், அறிந்தே ஐந்து எழுத்துகளை நீக்கி நான்கை வைத்திருந்தார். வெறுந்தாளுக்கு அஞ்சி, வாயில் வந்த பெயரை எழுதினாரா? பழைய பகையா? அல்லது காளிதாஸ் என்ற ஒருவர் உண்மையாகவே ஒரு மாலையில் சாக்கோடு போனாரா? அவள் அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். அது எதையும் சொல்லவில்லை. பொய்யாயினும் மெய்யாயினும் ஒரே மாதிரி நிற்கும்படிதான் அவள் அதைச் செய்திருந்தாள்.

“என்ன, டீச்சர்?” தம்புசாமி கை நீட்டித் தாளை வாங்கிப் பார்த்தார். அவர் புருவம் ஏறியது. “பேரு வேற இருக்கே. இதுவும் ஒங்க பாடமா?”

திங்கட்கிழமை. கோலாலம்பூர். நாகப்பட்டினக் கப்பல். காளிதாஸ் நெட்டையரா குட்டையரா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

“என் பாடந்தான்,” என்றாள் கமலவேணி.

“மாத்தக் கூடாதுன்னு மொதப் பக்கத்துலயே போட்டிருக்கீங்களே?”

“அது தொடக்கத்தில். பாடம் பழகிய பிறகு, பெயரை மட்டும் மாற்றி எழுதிப் பார்க்கும்படி வாய்மொழியாகச் சொல்லியிருந்தேன். எல்லா ஆசிரியர்களுக்கும்.”

தம்புசாமி நல்லமுத்துவைப் பார்த்தார். அவன் சுவரைவிட்டுத் திரும்பினான். அவன் வாய் திறந்தது. கமலவேணி அவனைப் பார்க்கவில்லை.

“ஆமா சார்,” என்றான். “மே மாசம் சொன்னாங்க. ரெண்டாவது சனிக்கெழம.”

தம்புசாமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பின்பு ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தினார்.

“அத எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க.”

கமலவேணி பேனாவை எடுத்தாள். தேதியை இட்டாள். எந்த மாதம், எந்தச் சனிக்கிழமை, எந்த அறை, எத்தனை ஆசிரியர்கள், என்ன சொன்னாள் என்பனவற்றை வரிசையாக எழுதினாள். நடக்காத ஒன்றை அவள் பள்ளிப் பாடத்துக்கு வெளியே எழுதியது அதுவே முதல் தடவை. ஒரு சொல்லையும் அடிக்க நேரவில்லை. முடித்துப் படித்துப் பார்த்தாள்.

ஒரே பத்தி. அது தனித்து நின்றது.